கோல்ட் கப்பில் குவாதலூப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரீபியன் கால்பந்து என்றதும் ஜமைக்கா, டிரினிடாட், ஹெய்ட்டி என்றுதான் பேச்சு போகும். நான் பல வருடங்களாக விடாமல் பின்தொடர்வது குவாதலூப் அணியை. உலகக் கோப்பைப் பட்டியலில் தேடினால் கிடைக்காது, உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபாவின் தரவரிசையிலும் கிடைக்காது. ஆனால் வட, மத்திய அமெரிக்க, கரீபியன் நாடுகளுக்கான கோல்ட் கப்பில் ஒருமுறை அரையிறுதி வரை வந்த அணி இது. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

குவாதலூப் ஒரு தனி நாடா?

இல்லை. அது பிரான்சின் ஒரு பகுதி. 1946-இலிருந்து பிரான்சின் கடல்கடந்த மாவட்டங்களில் ஒன்று. பணம் யூரோ, கடவுச்சீட்டு பிரெஞ்சுக் கடவுச்சீட்டு, பாராளுமன்ற உறுப்பினர்கள் போய் உட்காருவது பாரிசில். வரைபடத்தில் பார்த்தால் சிறகு விரித்த பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். இடப்பக்கச் சிறகு பாஸ்-தேர். மலையும் காடும் சூஃப்ரியேர் எரிமலையும் அந்தப் பக்கம். வலப்பக்கம் கிராந்த்-தேர், அது சமவெளி, கரும்பு வயல்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகலான உப்புநீர்க் கால்வாய். சுற்றிலும் சில சிறு தீவுகள். எல்லாம் சேர்த்து சுமார் 1,630 சதுர கிலோமீட்டர், மக்கள் நான்கு லட்சத்துக்கும் குறைவு. பிரெஞ்சோடு கிரியோல் மொழியும் பேசுவார்கள். கிரியோலில் ஊரைச் செல்லமாக 'குவாதா' என்பார்கள். அணிக்கும் 'குவாதா பாய்ஸ்' என்றே பெயர்.

நாடே இல்லை என்றால் தேசிய அணி எப்படி?

கண்டக் கூட்டமைப்பு வேறு, ஃபிஃபா வேறு என்பதில்தான் பதில் இருக்கிறது. வட, மத்திய அமெரிக்கா, கரீபியன் ஆகியவற்றின் கால்பந்தை நிர்வகிப்பது கான்ககாஃப். அதில் 41 உறுப்பினர்கள். அவற்றில் 35 மட்டுமே ஃபிஃபாவிலும் உறுப்பினர்கள். மீதி ஆறில் குவாதலூப் ஒன்று. மார்த்தினிக், பிரெஞ்சு கயானா, செயின்ட் மார்ட்டின், டச்சுப் பக்கத்து சின்ட் மார்ட்டன், பொனேர் ஆகியவை மற்ற ஐந்து. முதலில் இணை உறுப்பினராக இருந்த குவாதலூப் 2013-இல் கான்ககாஃபில் முழு உறுப்பினர் ஆனது.

குவாதலூப் கால்பந்து லீக் என்ற அமைப்புதான் இந்த அணியை நடத்துகிறது. அது பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒரு கிளை. பிரான்சுக்குள் அது ஒரு வட்டார லீக். கரீபியனுக்கு வந்தால் அதுவே தேசியச் சங்கம். ஒரே அலுவலகத்துக்கு இரண்டு முகம். இந்தத் தீவின் கிளப்புகள் பிரெஞ்சுக் கோப்பையிலும் ஆடுகின்றன. உள்ளூர்ச் சுற்றுகளில் வென்றால் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பறந்து போய் பிரான்சு மண்ணில் ஆட வேண்டும்.

அப்படியானால் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆடவே முடியாதா?

முடியாது. அது ஃபிஃபா உறுப்பினர்களுக்கு மட்டும். ஒலிம்பிக்கிலும் தனி அணி கிடையாது. குவாதலூப் அணிக்குத் திறந்திருக்கும் வாசல்கள் கான்ககாஃப் நடத்துபவை மட்டுமே. முன்பு கரீபியன் கோப்பை இருந்தது, 2017-உடன் அது முடிந்தது. அதன் இடத்தில் இப்போது நேஷன்ஸ் லீக் இருக்கிறது. இந்தப் பாதைகளில் எது வழியாகப் போனாலும் கடைசியில் கிடைக்கக்கூடிய பெரிய மேடை கோல்ட் கப்தான். இந்த அணியின் ஆட்டத்தைப் பார்க்க உட்காரும்போது நான் முதலில் நினைத்துக்கொள்வது இதைத்தான். மெக்சிகோவுக்கு கோல்ட் கப் இன்னொரு கோப்பை. குவாதலூப்புக்கு அதற்கு மேலே எதுவுமே இல்லை. அதுதான் அவர்களுடைய உலகக் கோப்பை.

நியூ கலிடோனியா, தஹிதி எல்லாம்கூட பிரான்சுதானே? அவை எப்படி ஃபிஃபாவில் இருக்கின்றன?

நல்ல கேள்வி, எனக்கும் நெடுநாள் உறுத்திய கேள்வி. தஹிதி 1990-இலும் நியூ கலிடோனியா 2004-இலும் ஃபிஃபாவில் சேர்ந்தன. இரண்டும் பசிபிக்கில் உள்ள பிரெஞ்சுப் பிரதேசங்கள், ஆனால் கணிசமான தன்னாட்சி உள்ளவை. குவாதலூப் அப்படியல்ல. பிரான்சின் உள்நாட்டு மாவட்டம் எதுவோ, சட்டப்படி அதே அந்தஸ்துதான் இதற்கும். அதனால் தனிக் கால்பந்து நாடு என்ற வாதம் இங்கே எடுபடுவதில்லை. 2013-இல் தஹிதி, கண்டச் சாம்பியன்கள் மோதும் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் ஸ்பெயினுடன் ஆடியது. அதைப் பார்த்த குவாதலூப் ரசிகனுக்கு எப்படி இருந்திருக்கும்!

கோல்ட் கப் பற்றிச் சுருக்கமாக?

1991-இல் இந்தப் பெயரில் தொடங்கியது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் அமெரிக்காவில். 2025 வரை மெக்சிகோ 10 முறை, அமெரிக்கா 7 முறை, கனடா ஒருமுறை வென்றிருக்கின்றன. வேறு எவரும் வென்றதில்லை. அந்த மூவரின் வீட்டுக்குள் போய் ஒரு சிறு தீவு என்ன செய்துவிட முடியும் என்று கேட்டால், அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

2007-இல் என்னதான் நடந்தது?

குவாதலூப் அதற்கு முன் கோல்ட் கப்பில் ஆடியதே இல்லை. அந்த ஆண்டு டிரினிடாட்டில் நடந்த கரீபியன் கோப்பையில் நான்காவதாக வந்தார்கள். முதல் நான்கு அணிகளுக்கு இடம் உண்டு என்பதால் கடைசி ஆளாக உள்ளே வந்தார்கள். பயிற்சியாளர் ரோஜே சல்னோ. பிரிவில் கனடா, கோஸ்டா ரிக்கா, ஹெய்ட்டி, ஆட்டங்கள் மயாமியில்.

முதல் ஆட்டம் ஹெய்ட்டியுடன், 1-1. அந்த வருடக் கரீபியன் கோப்பையை வென்றதே ஹெய்ட்டிதான், ஆகவே அந்த டிராவே நல்ல தொடக்கம். இரண்டாவது ஆட்டம் கனடாவுடன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே 41 வயது அணித்தலைவர் ஜோஸ்லான் அங்லோமா கோல் போட்டார். கனடாவின் அலி கெர்பா சமன் செய்தார். அந்தக் கோலின் சூடு ஆறுவதற்குள் ரிஷார் சொக்ரியே மறுபடி முன்னிலை எடுத்துக் கொடுத்தார். 2-1. கோல்ட் கப்பில் குவாதலூப்பின் முதல் வெற்றி. அந்தக் கனடாதான் பிரிவில் முதலிடம் பிடித்தது, அரையிறுதி வரையும் போனது. சாதாரண அணியை வென்ற கதை இல்லை இது.

மூன்றாவது ஆட்டத்தில் கோஸ்டா ரிக்காவிடம் 0-1 தோல்வி. கணக்கைப் பாருங்கள்: இரண்டு அணிக்கும் 4 புள்ளி, இரண்டு அணியும் போட்டது 3 கோல், வாங்கியதும் 3 கோல். நேருக்கு நேர் வென்றதால் கோஸ்டா ரிக்கா இரண்டாமிடம், குவாதலூப் மூன்றாமிடம். அப்போது 12 அணிகள், மூன்று பிரிவுகள்; மூன்றாமிடம் பிடித்தவர்களில் சிறந்த இருவரும் காலிறுதிக்குப் போகலாம். போனார்கள்.

காலிறுதி ஹியூஸ்டனில், ஹோண்டுராசுக்கு எதிராக. ஹோண்டுராஸ் எப்படி வந்திருந்தது தெரியுமா? தன் பிரிவில் மெக்சிகோவை 2-1, கியூபாவை 5-0 என்று வென்று, மெக்சிகோவுக்கு மேலே முதலிடம் பிடித்து. அந்தக் கியூபா ஆட்டத்தில் கார்லோஸ் பவோன் ஒருவரே நான்கு கோல் போட்டிருந்தார். அப்படி ஒரு அணியை குவாதலூப் 2-1 என்று வீட்டுக்கு அனுப்பியது.

அரையிறுதி ஜூன் 21, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட், எதிரில் மெக்சிகோ. ஃபிஃபா உறுப்பினரே அல்லாத ஒரு அணி ஒரு கண்டப் போட்டியின் கடைசி நான்கில் நின்றது. எழுபதாவது நிமிடம் வரை கோல் இல்லை. அப்புறம் பாவெல் பார்தோ போட்ட ஒரே கோல், 1-0. மெக்சிகோ இறுதிக்குப் போனது. அந்தக் காலத்தில் மூன்றாமிட ஆட்டம் கிடையாது, அதனால் குவாதலூப்பின் பயணம் அந்த மைதானத்திலேயே முடிந்தது. தோற்ற ஆட்டம்தான். ஆனால் ஐந்து ஆட்டங்களில் எந்த ஆட்டத்திலும் ஒரு கோல் வித்தியாசத்துக்கு மேல் யாரும் அவர்களை வெல்லவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அங்லோமா யார்? 41 வயதில் எப்படி?

1965-இல் குவாதலூப்பின் லெ சாபீம் ஊரில் பிறந்தவர். வலப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர். 1993-இல் மார்செய் அணி மிலானை 1-0 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியபோது அந்த இறுதி ஆட்டத்தில் ஆடியவர். பிறகு இத்தாலியில் டொரினோ, இன்டர். அங்கிருந்து ஸ்பெயினின் வலென்சியா. அவர்களோடு 2000, 2001 என்று அடுத்தடுத்து இரண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டங்கள். பிரான்சுக்காக 37 முறை ஆடியிருக்கிறார், கடைசியாக 1996-இல்.

2002-இல் ஐரோப்பிய வாழ்க்கையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். திரும்பியவர் சும்மா உட்காரவில்லை, மோர்ன்-ஆ-லோ ஊரின் எத்துவால் கிளப்பில் ஆட ஆரம்பித்தார். சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆடிய கால், உள்ளூர் லீக் மைதானத்தில். அங்கிருந்து தீவின் அணிக்கு. தன் வயதில் பாதி உள்ள பையன்களோடு ஓடி, பந்தைப் பறித்து, கோலும் போட்டிருக்கிறார். பணமோ புகழோ அவருக்கு அதில் புதிதாகக் கிடைக்க ஒன்றுமில்லை. ஊர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய போட்டியில் ஆட வேண்டும் என்ற ஆசையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதோடும் முடியவில்லை. பின்னாளில் அவரே இந்த அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். 2021, 2023 கோல்ட் கப்களில் அணியை நடத்தியவர் அவர்தான்.

பிரான்சுக்கு ஆடிய ஒருவர் குவாதலூப்புக்கும் ஆடலாமா?

குவாதலூப் ஃபிஃபா உறுப்பினர் அல்ல என்பதால், முதலில் தீவுக்கு ஆடிவிட்டுப் பிறகு பிரான்சுக்கு ஆடுவதற்குத் தடை இல்லை. தலைகீழாக வருவதுதான் சிக்கல். அங்லோமா காலத்தில், பிரான்சுக்குக் கடைசியாக ஆடி ஐந்து வருடம் கடந்திருந்தால் வரலாம் என்று அனுமதித்தார்கள். அவருக்குப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

இந்த விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பட்டதையும் சொல்ல வேண்டும். 2017 கோல்ட் கப்பில் பிரெஞ்சு கயானா, பிரான்சுக்கு 80 ஆட்டம் ஆடிய ஃப்ளோரான் மலூதாவை ஹோண்டுராசுக்கு எதிராக இறக்கியது. ஆட்டம் 0-0. ஆனால் மலூதாவுக்குத் தகுதி இல்லை என்று கான்ககாஃப் தீர்மானித்து, ஹோண்டுராஸ் 3-0 என்று வென்றதாக அறிவித்தது. மலூதா பிரெஞ்சு கயானாவில் பிறந்தவர். பிறந்த மண்ணுக்கு ஆடியதற்காக ஒரு டிரா தோல்வியானது. விதி விதிதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

துராம், ஆன்ரி எல்லாம் குவாதலூப்காரர்கள் என்கிறார்களே?

ஆமாம், இந்தப் பட்டியலைக் கேட்டால் வியப்பாக இருக்கும். லிலியன் துராம் பிறந்தது குவாதலூப்பின் பெரிய நகரமான புவான்த்-ஆ-பித்ரில். பிரான்சுக்காக 142 ஆட்டங்களில் அவர் போட்டது மொத்தமே இரண்டு கோல். இரண்டும் 1998 உலகக் கோப்பை அரையிறுதியில் குரோஷியாவுக்கு எதிராக. தியரி ஆன்ரி பாரிசின் புறநகரில் பிறந்தவர், ஆனால் தந்தை குவாதலூப்காரர், தாய் மார்த்தினிக்காரர். அவர்களுக்கு முந்தைய தலைமுறையில் மாரியுஸ் த்ரெஸோர். சாந்த்-ஆன் ஊரில் பிறந்தவர். 1982 உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் அவர் பறந்து வந்த பந்தை அப்படியே அடித்துப் போட்ட கோல் இன்னும் பேசப்படுகிறது. 2018-இல் உலகக் கோப்பை வென்ற பிரான்சு அணியில் இருந்த தோமா லெமாரும் குவாதலூப்பில் பிறந்தவர்.

இவர்கள் எல்லாரும் ஒரே சட்டையில் ஆடியிருந்தால் என்று ஆசையாகக் கணக்குப் போடுவது ரசிகர்களின் வழக்கம். நானும் போட்டிருக்கிறேன். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. துராம் மாதிரி பலர் சிறு வயதிலேயே பிரான்சுக்குப் போனவர்கள். அவர்களை ஆட்டக்காரர்களாக்கியது அங்குள்ள கிளப்புகளும் பயிற்சி மையங்களும். தீவு கொடுத்ததும் உண்மை, பிரான்சு வளர்த்ததும் உண்மை.

2007-க்குப் பிறகு அணி காணாமல் போய்விட்டதா?

உடனே இல்லை. 2008 கரீபியன் கோப்பையில் கியூபாவைப் பெனால்டியில் வென்று மூன்றாமிடம். 2009 கோல்ட் கப்பில் பனாமாவை 2-1, நிகரகுவாவை 2-0 என்று வென்றார்கள். என் கணிப்பில், பிரிவு ஆட்டங்கள் வரை பார்த்தால் 2007-ஐ விடவும் இது திருத்தமான ஆட்டம். மெக்சிகோவிடம் 0-2 தோற்றும் 6 புள்ளியோடு இரண்டாமிடம், யார் தயவும் இல்லாமல் காலிறுதி. அங்கே கோஸ்டா ரிக்கா 5-1 என்று வென்றுவிட்டது.

2010-இல் மார்த்தினிக்கில் நடந்த கரீபியன் கோப்பையில் இறுதிக்கே போனார்கள். ஜமைக்காவுடன் 1-1, பெனால்டியில் தோல்வி. 2011 கோல்ட் கப்பில் மூன்றும் தோல்வி: பனாமா 2-3, கனடா 0-1, அமெரிக்கா 0-1. மூன்றும் ஒரே ஒரு கோலில் போனவை.

அதற்குப் பின் நீண்ட இடைவெளி. 2013, 2015, 2017, 2019 நான்கு பதிப்புகளிலும் குவாதலூப் இல்லை. அதில் 2013, 2017, 2019-இல் மார்த்தினிக் ஆடியது, அதுதான் இன்னும் வலி.

2021-இல் பெனால்டியில் 10-9 என்று ஒரு ஆட்டம் வந்ததாமே?

வந்தது. பத்து வருடத்துக்குப் பிறகு கோல்ட் கப்புக்குள் நுழைய, ஃபுளோரிடாவில் நடந்த தகுதிச் சுற்றில் குவாத்தமாலாவை வெல்ல வேண்டியிருந்தது. ஆட்டம் 1-1. பெனால்டி தொடங்கியது. பொதுவாக ஐந்தோடு முடியும் விஷயம். இங்கே ஐந்தும் தாண்டி, ஏழு எட்டும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பக்கமும் குறைந்தது பத்துப் பேர் அடிக்க வேண்டிய நிலை. அதாவது வாழ்க்கையில் பெனால்டிப் பக்கமே போகாத தற்காப்பு ஆட்டக்காரர்களும் வெள்ளைப் புள்ளியில் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தாக வேண்டும். கடைசியில் 10-9, குவாதலூப் உள்ளே.

சில நாளில் கோவிட் காரணமாக குராசாவ் அணி விலக, அந்த இடத்தில் குவாத்தமாலாவும் உள்ளே வந்துவிட்டது. அது வேறு கதை. பிரிவு ஆட்டங்களில் குவாதலூப் கோஸ்டா ரிக்காவிடம் 1-3, ஜமைக்காவிடம் 1-2, சுரினாமிடம் 1-2 என்று தோற்றது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு கோல், ஒரு புள்ளியும் இல்லை.

2023-இல் நான்கு புள்ளி எடுத்தும் ஏன் வெளியேறினார்கள்?

இதுதான் எனக்கு ஆறாத ஆட்டம். தகுதிச் சுற்றில் ஆன்டிகுவா-பார்புடாவை 5-0, கயானாவை 2-0 என்று வென்று வந்தார்கள். முதல் ஆட்டம் டொரான்டோவில், முந்தைய ஆண்டு கத்தார் உலகக் கோப்பையில் ஆடிய கனடாவுடன், அவர்கள் சொந்த மைதானத்தில். 2-2. இரண்டாவது ஆட்டம் கியூபாவை 4-1. கடைசி ஆட்டத்துக்குப் போகும்போது 4 புள்ளி, கோல் வித்தியாசம் கூட்டல் 3, பிரிவில் முதலிடம். எதிரில் குவாத்தமாலா. டிரா செய்தால் போதும், காலிறுதி உறுதி.

3-2, குவாத்தமாலாவுக்கு.

2007-இல் இதே 4 புள்ளியோடு, இதே மூன்றாமிடத்தில் இருந்துதான் அரையிறுதி வரை போனார்கள். 2019-இலிருந்து 16 அணிகள், நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் முதல் இருவர் மட்டுமே. மூன்றாமிடத்துக்கு இப்போது ஒன்றும் இல்லை. அணிகள் கூடியது சிறு தீவுகளுக்கு நல்லது என்று எல்லாரும் சொல்கிறோம். உள்ளே நுழைவதற்கு நல்லதுதான், உள்ளே வந்தபின் மேலே ஏறுவதற்கு அல்ல.

2025?

பனாமாவிடம் 2-5, ஜமைக்காவிடம் 1-2, குவாத்தமாலாவிடம் 2-3. மூன்று ஆட்டத்தில் 5 கோல் போட்டு, 10 வாங்கினார்கள். கோல் போடத் தெரிந்த, முன்னிலையைக் கட்டிக்காக்கத் திணறுகிற அணி. சில வருடங்களாகவே இப்படித்தான். 2007 அணி நேர்மாறு: குறைவாகப் போட்டது, குறைவாக வாங்கியது.

மொத்தக் கணக்கு என்ன?

கோல்ட் கப் பிரதான சுற்றில் 2007, 2009, 2011, 2021, 2023, 2025 என ஆறு பதிப்புகள். 21 ஆட்டம், 5 வெற்றி, 2 டிரா, 14 தோல்வி. வென்றது கனடா, ஹோண்டுராஸ், பனாமா, நிகரகுவா, கியூபா ஆகிய அணிகளை. அந்த 14 தோல்வியில் பத்து ஒரே கோல் வித்தியாசத்தில் வந்தவை.

வீரர்கள் எங்கே ஆடுகிறார்கள்?

கலவையான அணி. சிலர் தீவின் லீக்கில் ஆடுபவர்கள், பகலில் வேறு வேலை பார்ப்பவர்களும் உண்டு. பலர் பிரான்சின் இரண்டாம், மூன்றாம் நிலை கிளப்புகளிலும் ஐரோப்பாவின் மற்ற லீக்குகளிலும் தொழில்முறையாக ஆடுபவர்கள், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும். இதில் ஒரு நடைமுறைச் சங்கடம் இருக்கிறது. தேசிய அணிக்கு வீரரை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற ஃபிஃபாவின் கட்டாயம் அதன் உறுப்புச் சங்கங்களுக்கானது. குவாதலூப் அழைத்தால் கிளப் மனசு வைத்தால்தான் உண்டு. ஒவ்வொரு முறை அணி அறிவிக்கும்போதும் யார் வருவார், யாரை விடமாட்டார்கள் என்ற கவலை அதனால்தான். உள்ளூர் ஆட்டங்கள் பெரும்பாலும் லெ சாபீமில் உள்ள ரெனே செர்ஜ் நபஜோத் மைதானத்தில்.

குராசாவ் 2026 உலகக் கோப்பைக்கே தகுதி பெற்றுவிட்டதே! குவாதலூப்புக்கு ஏன் அந்த வழி இல்லை?

2025 நவம்பர் 18 அன்று கிங்ஸ்டனில் ஜமைக்காவுடன் 0-0 டிரா செய்து குராசாவ் உலகக் கோப்பைக்குப் போனது. சுமார் ஒன்றரை லட்சம் மக்கள். உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றவற்றிலேயே மக்கள்தொகையில் மிகச் சிறியது. அதற்கு முன் அந்தப் பெருமை ஐஸ்லாந்துக்கு இருந்தது. அந்த இரவு நானும் மகிழ்ந்தேன்.

ஆனால் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. குராசாவும் முழு விடுதலை பெற்ற நாடு அல்ல. நெதர்லாந்து முடியாட்சிக்குள் தன்னாட்சி உள்ள ஒரு நாடு. அவர்கள் அணியும் ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளால் நிரம்பியது. கோல்ட் கப்பில் அவர்களுடைய உச்சம் 2019 காலிறுதி. குவாதலூப்பின் உச்சம் அரையிறுதி. மக்கள்தொகையோ குவாதலூப்பில் இரு மடங்குக்கும் மேல். வித்தியாசம் ஆட்டத்தில் இல்லை, அரசியல் சட்டத்தின் ஒரு வரியில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் குராசாவைத் தனி நாடாக வைத்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் குவாதலூப்பை மாவட்டமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

மாவட்டமானதால் தீவுக்கு வந்த பள்ளிகள், மருத்துவமனைகள், உரிமைகள் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கால்பந்துக்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்ய முடியாதா என்று கேட்பதில் தவறில்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கும் ஒரே நாட்டுக்குள் இருந்துகொண்டு நான்கு அணிகளாக ஆடவில்லையா?

தமிழர்களுக்கும் குவாதலூப்புக்கும் ஏதோ தொடர்பு என்கிறார்களே?

உண்டு, உண்மையான தொடர்பு. பிரான்சு 1848-இல் அடிமை முறையை ஒழித்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மக்களை ஏற்றினார்கள். ஒரேலி என்ற முதல் கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப்பில் கரை சேர்ந்தது. அடுத்த முப்பத்தைந்து வருடத்தில் சுமார் 42 ஆயிரம் இந்தியர்கள் போனார்கள், அவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். கப்பெஸ்தேர்-பெல்-ஓ பக்கத்தில் சாங்கி என்ற இடத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே அவள் பெயர் 'மாலியெமேன்'. மொழி போய்விட்டது, சாமி இருக்கிறாள். தீவின் மக்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க வழி வந்தவர்கள், அணியும் அப்படியே. ஆனால் அந்த மைதானத்தின் படிக்கட்டுகளில் உட்கார்ந்து கத்துபவர்களில் காரைக்காலிலிருந்து கப்பலேறியவர்களின் கொள்ளுப்பேரர்களும் இருக்கிறார்கள்.

ஒரே ஒரு ஆட்டம்தான் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

எல்லாரும் மெக்சிகோ அரையிறுதியைச் சொல்வார்கள். நான் 2007 ஜூன் 9, கனடா ஆட்டத்தைச் சொல்வேன். முழுதாகக் கிடைக்கவில்லை என்றால் சுருக்கத் தொகுப்பாவது பாருங்கள். அங்லோமாவின் கோல் தொடக்கத்திலேயே வந்துவிடும், தவறவிடாதீர்கள். பார்த்த பிறகு அடுத்த கோல்ட் கப் தகுதிச் சுற்று அட்டவணையில் குவாதலூப் எங்கே இருக்கிறது என்று தேடிக் குறித்து வையுங்கள்.